திட்டுவதற்கு ஒரு கட்டம்

என் மகளுக்கு முதன்முதலாக மற்றவர்கள் கொடுத்த பேச்சில் ‘நன்றி’ இருந்தது. ‘வலிக்கிறது’ இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வரட்டும். அந்த எரிச்சலோடேயே எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு மூளை முடக்குவாதம். அப்போது பதினோரு வயது. கழுத்து சரியாக நிற்காது. வலது கை மட்டும் மேசைமேல் இழுத்து இழுத்துப் போகும், அதிலும் விரல் பிரியாது. வாயில் சொல் வராது. ‘ஆ’ என்று ஒரு சத்தம் உண்டு; பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். நாம் கேட்கிற கேள்விக்கு ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். ஆனால் அவளுக்குப் புரியாதது என்று எதுவும் கிடையாது. வேலை பார்க்கிற கடையில் யாரோடு சண்டை போட்டேன் என்று நான் ஃபோனில் அவள் அப்பாவிடம் சொல்லும்போது, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், “பாவம், தாய் மனசு” என்பார்கள். என் மனசைப் பற்றி யார் கேட்டார்கள்?

அவள் போய்வந்த பகல்நேர மையத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். லேமினேஷன் செய்த தாள். கட்டம் கட்டமாகப் படங்கள், படத்துக்குக் கீழே சொல். பிள்ளை எந்தப் படத்தின்மேல் கை வைக்கிறதோ அதைச் சொல்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், டிவி, அம்மா, அப்பா, வணக்கம், நன்றி, மன்னிக்கவும். இவ்வளவுதான் அதில் இருந்தது. நான் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“வேண்டாம்னு ஒண்ணு இல்லியே சார்” என்று அங்கிருந்த சிறப்பாசிரியரிடம் கேட்டேன்.

“முதல்ல பாசிட்டிவ் வேர்ட்ஸ் மட்டும்தான்ங்க வைப்போம். நல்ல பழக்கம் வரட்டும்.”

“எம்புள்ளைய கட்டெறும்பு கடிச்சா நன்றின்னு சொல்லணுமா சார்?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மன்னிக்கவும் என்ற கட்டத்தில் ஒரு குழந்தை தலை குனிந்து காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட முடியாத என் மகள் யாரிடம், எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.

அவள் அப்பா சார்ஜாவில் லாரி ஓட்டுகிறார். ஒரு தடவை வந்தபோது, படத்தைத் தொட்டால் பேசுகிற டேப்லெட் ஒன்று வாங்கிவந்தார். அது ஒரு வாரம் வெளியே இருந்தது. அப்புறம் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, அதைப் பூத்துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “ஒடஞ்சா வெளிநாட்டுக்கா போயி மாத்துறது?” விருந்தாளி வந்தால் வெளியே வரும். மகளின் கையைப் பிடித்து வணக்கம் என்ற படத்தில் வைப்பார், அது வணக்கம் என்று சொல்லும், எல்லாரும் கைதட்டுவார்கள், மறுபடி பீரோவுக்குப் போய்விடும். பேட்டரி உப்பி அது செத்தே போனது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான மறு வருஷமே கணவர் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து எங்களோடுதான். என் மகள் பிறந்த அன்று அவளை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். நான் இலுப்பூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். மதியம் மூன்றரைக்கு மைய வேன் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும், நான் வீடு வந்து சேர ஏழாகிவிடும். அதுவரைக்கும் மகள் அத்தை கையில். குளிப்பாட்டுவார், துணி மாற்றுவார், சலிக்காமல் தூக்கிச் சுமப்பார். அவர் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. ஊரில் ஒருத்தர் விடாமல் இதை என்னிடம் சொல்லிக்காட்டியிருக்கிறார்கள், அதனால் எனக்கு மறப்பதற்கு வாய்ப்பே கிடையாது.

அந்தக் கார்த்திகையில் மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

முதலில் அடம் என்று நினைத்தோம். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனாலே வாயை இறுக்கிக்கொள்வாள். கொஞ்ச நாளில் வாய்க்குள்ளே வெந்து போயிருப்பதைப் பார்த்தேன். நாக்கு ஓரமெல்லாம் தோல் உரிந்து சிவந்துகிடந்தது. புதுக்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். அவர் வாய்ப்புண் என்று மருந்து எழுதினார். மறு தடவை போனபோது எடையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போட வேண்டியிருக்கும்மா. நெஞ்சுல சளி வேற இருக்கு. லேட் பண்ணாதீங்க.” அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வீல்சேரைத் தள்ளும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் தலை சீவிவிடும்போது அவளுடைய தாடையில் அடையாளம் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு கன்றல், மறு பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னதாக. யாரோ பெருவிரலையும் மற்ற விரல்களையும் கொடுத்து அழுத்திப் பிடித்தால் எப்படிப் பதியுமோ அப்படி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யாரென்றும் உடனே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வேனில் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றி இறக்குகிற உதவியாள் ஒருவன் உண்டு. அவன் பிள்ளைகளைத் தூக்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் உரமூட்டை இறக்குகிறவர்கள்கூட அதைவிடப் பதமாக இறக்குவார்கள். ஒரு நாள் அவன் என் மகளின் தாடையைப் பிடித்து, “ஏய், இங்கிட்டுப் பாரு” என்று திருப்பியதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். போதாததற்கு நாத்தனார் வேறு சொன்னார்: “வேன விட்டு எறக்கும்போதே வீல்னு கத்துறாத்தா. அங்க என்னமோ நடக்குது.”

மகளிடம் கேட்டேன். “வேன்காரன் வாயில ஏதாச்சும் பண்ணுனானா?” கண் மேலே போகவில்லை. “அடிச்சானா?” போகவில்லை. “டீச்சரா?” இல்லை. ‘ஆ, ஆ’ என்று ஆத்திரமாகக் கத்தினாள், முஷ்டியால் மேசையில் இடித்தாள். பயத்தில் மறைக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அவளிடம் இருந்தது ஆமாம், இல்லை இரண்டு மட்டும்தான். நான் என்ன கேட்கிறேனோ அதற்குத்தான் அவளால் பதில் சொல்ல முடியும். நான் கேட்காததை அவள் எப்படிச் சொல்வாள்?

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மையத்துக்குப் போனேன். வேன் வாசலிலேயே நின்றது. அந்த ஆளைச் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, அவன் பரம்பரையையே இழுத்துத்தான் பேசினேன். அவன், “யக்கா, சாமி சத்தியமா நான் தொடல” என்றான். “தொடாமயா வேன்ல ஏத்துற, பறந்து வந்து ஏறுறாளா?” என்றேன். சத்தம் கேட்டு மையத்தின் பொறுப்பாளர் அம்மா வெளியே வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். மேசைமேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்.

“உட்காருங்க. பிள்ளை சொல்லுச்சா, இவர்தான்னு?”

“சொல்ல முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“அதைத்தாம்மா சொல்றேன். நீங்க யூகத்துல ஒரு ஆளோட பொழப்புல கை வைக்கிறீங்க. பிள்ளை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் நடவடிக்கை எடுக்கிறேன்.”

“எதை வச்சு சொல்லுவா? நீங்க குடுத்த அட்டையில அடி இருக்கா? வலி இருக்கா? யாருன்னு காட்ட ஒரு மொகம் இருக்கா? வணக்கமும் நன்றியும் வச்சுக்கிட்டு அவ எப்புடி பிராது குடுப்பா?”

“அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வச்சா, பிள்ளைங்க கண்டதையும் காட்டும்மா. அப்புறம் எங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.”

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, சொல்லட்டும் பார்க்கலாம் என்று அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தார். சரி, நானே செய்துகொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தாளில் வரைந்து ஒட்டினால் எச்சில் பட்டு ஊறிப்போகும். அவளுக்கு எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். எச்சிலுக்கும் மழைக்கும் ஊறாதது எது என்று யோசித்துக்கொண்டே இலுப்பூர் கடைத்தெருவில் நடந்தால், எதிரே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஃப்ளெக்ஸ். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, பூப்பு, வீடு குடிபோவது, ஜல்லிக்கட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் முதல் செலவு ஃப்ளெக்ஸுக்குத்தான். அதில் முகம் வராத மனிதர் ஊரில் கிடையாது.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்வது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அங்கேதான் அடித்திருக்கிறோம். நான் விஷயத்தைச் சொன்னேன். கனமான ஃபோம் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றாள். பிறகு கேட்டாள், “ஆளுங்க போட்டோ வேணும்னீங்களே, கொண்டாந்திருக்கீங்களா?”

என்னிடம் எங்கே இருக்கும்? வேன்காரனிடம் போய், உன்னைக் குற்றவாளிக் கட்டத்தில் போட வேண்டும், ஒரு போட்டோ கொடு என்றா கேட்பது?

“பேரச் சொல்லுங்கக்கா, பாப்போம்” என்றாள். சொன்னேன். அவள் மவுஸை உருட்டி ஏதேதோ திறந்தாள். வேன் உதவியாள் வந்துவிட்டான். போன மாசிக் களரித் திருவிழாவுக்கு அவன் ஊர் இளைஞர்கள் அடித்த பேனரில் இருந்திருக்கிறான், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பின்னணியை வெட்டியெடுத்துத் தயாராக. டிரைவர் வந்தார், அவர் மச்சான் வீட்டுக் குடிபோகிற விசேஷத்திலிருந்து. சிறப்பாசிரியர் அவருடைய கல்யாணப் பேனரிலிருந்து மாலையோடு வந்தார். பொறுப்பாளர் அம்மா ஒரு பாராட்டு விழாவிலிருந்து கும்பிட்டபடி வந்தார். ஒரு மணி நேரத்தில் என் மகளுக்கு முன்னால் வந்துபோகிற அத்தனை பேரும் அந்தத் திரையில் வரிசையாக நின்றார்கள், எல்லாரும் வெள்ளையாக, எல்லாரும் சிரித்துக்கொண்டு.

“கூலிங் கிளாஸக் கழட்ட முடியாதா?” என்றேன்.

“கண்ணு எங்ககிட்ட இல்லக்கா.”

சொற்களை நானே சொன்னேன். வலிக்குது. வேண்டாம். அடிச்சாங்க. கிள்ளுனாங்க. பொய். போதும். பயமா இருக்கு. வாய், கை, கால், வயிறு என்று உறுப்புகள். பல் டாக்டர் பேனரிலிருந்து வாயை எடுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்து கடைசி வரிசை மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“இதுல ‘நன்றி’ போட்டுருவமாக்கா?”

“வேணாம். அதுல ஒரு வசவு போடு.”

அவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்குப் பாக்குற? ஒனக்குக் கோவம் வந்தா திட்டுவியா மாட்டியா? நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், அதுலதான் எனக்கு உசிரே நிக்குது. எம்புள்ள பதினோரு வருசமா ஒருத்தரையும் திட்டுனது இல்ல. போடு.”

“என்னன்னு போடட்டும்? போடாவா போடியா?”

அது ஒரு நல்ல கேள்வி. ஆண் பெண் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, நான் வீட்டில் தினமும் கோழியைச் சொல்வதையே சொன்னேன்: போ சனியனே. அதற்குப் படமாக, வாடிவாசலில் தலையைத் தாழ்த்திக்கொண்டு மண்ணைக் கிளறுகிற ஒரு ஜல்லிக்கட்டுக் காளையை எடுத்து வைத்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கடை முடிந்து அட்டையை வாங்கப் போனேன். நன்றாக வந்திருந்தது. ஆனால் முகங்களின் வரிசையில், நான் கேட்காத முகம் ஒன்று இருந்தது. என் நாத்தனார். மகளின் காதுகுத்துப் பேனரில் இருந்த அதே படம், பட்டுச்சேலை, நெற்றியில் திருநீறு.

“இவங்கள யாரு போடச் சொன்னது?”

“அத்தை மொகத்த விட முடியுமாக்கா? காதுகுத்துக்கு நீங்க சின்னதாப் போட்டீங்கன்னு எவ்வளவு சண்டை நடந்துச்சு, எனக்குத் தெரியாதா? முறைக்காரவுகள விட்டா நாளைக்குப் பொல்லாப்பு எந்தலையிலதான் விடியும். மொக வரிசையில ஒரு கட்டத்தக் கூட்டி வச்சுட்டேன்.”

அவளுக்கு எல்லாமே பேனர்தான். முகம் வைப்பது மரியாதை, விட்டுப்போனால் சண்டை. இது புகார் சொல்வதற்கான பட்டியலடி, இதில் மரியாதை செய்கிறாயே என்று கத்தினேன். மறுபடி அடிக்கச் சொன்னால் திங்கட்கிழமைதான் முடியும் என்றாள். டியூப் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு சாயங்காலத்தைக்கூட விட மனசில்லை. கீழே ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்று வேறு அடித்திருந்தாள். பழக்கதோஷம். அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, நாத்தனார் முகத்தோடேயே அட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாத்தனார் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகளை வீல்சேரில் உட்காரவைத்து, முன்பலகையில் அட்டையை வைத்தேன். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு இது என்ன, இது யார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. காளையைக் காட்டி, “இது திட்டுறதுக்கு” என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். நிஜமா என்று கேட்கிற பார்வை. நிஜம்தான் என்றேன்.

“இப்ப சொல்லு. எங்க வலிக்குது?”

கை மெதுவாக இழுபட்டுப் போய் வாயின்மேல் நின்றது. பதினோரு வருஷத்தில், நான் ஆமாமா இல்லையா என்று கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் சொல்.

“யாரு பண்ணுனா?”

கை முகங்களின் வரிசைக்குப் போனது. கூலிங் கிளாஸ்காரனிடம் வந்தது. இதோ என்று நான் முன்னால் குனிந்தேன். அவனைக் கடந்து போனது. டிரைவரைக் கடந்தது. மாலை போட்ட சாரைக் கடந்தது. பட்டுச்சேலையின்மேல் போய் நின்றது.

தெரியாமல் வழுக்கிப்போயிருக்கும் என்று நினைத்தேன். அத்தை முகத்தைக் கண்ட ஆசையில் தொடுகிறாள் என்றும் நினைத்தேன். அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இப்போது அந்த முகம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. “யாரு?” என்று மறுபடி கேட்டேன். கை தோள்வரைக்கும் நடுங்கிக்கொண்டு, அவ்வளவு தூரமும் போய், அதே முகத்தின்மேல் விழுந்தது. அங்கிருந்து வலிக்குது. அங்கிருந்து வேண்டாம். வேண்டாமின்மேல் இடித்தாள், இடித்தாள், அட்டை பலகையை விட்டு நகர்ந்துபோகும்வரைக்கும் இடித்தாள்.

வேனை விட்டு இறக்கும்போது ஏன் வீல் என்று கத்தினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வேனுக்குப் பயந்து கத்தவில்லை. வீட்டுக்குப் போக மாட்டேன் என்று கத்தியிருக்கிறாள்.

சாட்சி எதுவும் கிடையாது. நான் கண்ணால் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பில் இருப்பது, ஊரே நல்லவர் என்று சொல்கிற மனுஷி. என் வேலையும் என் வீடும் அவர் கையில் இருக்கிறது. மையத்து அம்மாவாக இருந்தால் விசாரிப்போம் என்று சொல்லி ரோஜாவைத் துடைத்திருப்பார். என் மகள் சொல்லிவிட்டாள், எனக்கு அது போதும். “அண்ணி, இங்கிட்டு வாங்க” என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்திருக்கும். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இவ வாயில என்ன பண்ணுனீங்க?”

“நான் என்னத்தப் பண்ணப் போறேன்?”

“அவ சொல்றா.”

“யாரு, இந்த அட்டையா? நீ சொல்லிக் குடுத்தா அது எதையும் காட்டும். எம் மொகத்த இதுல ஒட்டிவச்சு, பதினோரு வருசம் தூக்கி வளத்தவள சந்தியில நிறுத்துறியா?”

“நான் ஒட்டச் சொல்லல. என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன்.”

அதற்குமேல் அவர் ஒளிக்கவில்லை. தப்பான காரியம் என்றே அவர் நினைக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது.

“வசம்பு ஒரசித் தேச்சேன். வேற என்ன?”

வசம்பு எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். காய்ந்த வேர். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் விளக்கில் சுட்டு, உரசி, நாக்கில் துளி வைப்பார்கள். பேச்சுத் திருந்தும் என்றும் சொல்வார்கள். குன்றாண்டார்கோவில் கோயிலில் பார்த்த எவளோ ஒருத்தி, சுட்டால் வீரியம் போய்விடும், பச்சையாக உரசி நாக்கில் அழுத்தித் தேய்த்தால் ஊமையும் பேசும் என்று சொல்லியிருக்கிறாள். இவர் தினமும் மதியம், வேன் போன பிறகு, என் மகளின் தாடையைப் பிடித்துத் திறந்து தேய்த்திருக்கிறார். நாக்கு வெந்ததைப் பார்த்துவிட்டு, பிடிக்கிறது, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கிறார். நான் வருவதற்குள் வாய் கழுவி, பவுடர் போட்டு உட்காரவைத்துவிடுவார். பகல் முழுக்கப் பூச்சிமருந்து வாசத்தில் உட்கார்ந்து வருகிற என் மூக்குக்கு வசம்பு எங்கே எட்டும்?

“அவ கத்துனாளே அண்ணி. ஒங்க காதுல விழலியா?”

“கத்துனா சத்தம் தெறக்குதுன்னு நெனச்சேன். மருந்துன்னா எரியத்தானே செய்யும்.” அவர் குரல் உடைந்தது. “எனக்கென்ன புள்ளையா குட்டியா? இவ ஒரு தடவ என்னைய அத்தைன்னு கூப்புட்டுக் கேக்கணும்னுதானே. பேசணும்னுதானே செஞ்சேன்.”

அழுகிறவரைப் பார்த்து மனசு இளகும் என்பார்கள். எனக்கு இளகவில்லை. டியூப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் பை வைத்துக்கொண்டு நின்றவர் இவர்தான்.

“பேசிட்டா அண்ணி. நீங்க கேளுங்க.”

அட்டையைப் பழையபடி நேராக வைத்து, வீல்சேரை அவர் பக்கம் திருப்பினேன். மகள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள், அட்டையில் இருப்பதை இல்லை, நிஜ முகத்தை. பிறகு குனிந்துகொண்டாள். கை பட்டுச்சேலையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தது. வலிக்குது, வேண்டாம், அடிச்சாங்க எல்லாவற்றையும் தாண்டி, கடைசி வரிசை மூலை வரைக்கும் போய்க் காளையின் கொம்புமேல் நின்றது.

நாத்தனார் ஐந்தாவதுவரை படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதுவும் வாய்விட்டுத்தான் வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து, பஸ் போர்டு படிப்பதுபோலப் படித்தார்.

“போ... ச... னி... ய... னே.”

படித்து முடித்த பிறகுதான் அவருக்கு அது யாருக்கு என்று தெரிந்தது. என் மகள் தலையைத் தூக்கி, கண்ணை மேலே கொண்டுபோனாள். ஆமாம்.

வேன் உதவியாளிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று இதைக் கேட்டவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பழி அவன்மேல் இல்லை என்று மையத்தில் எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். ஆனால் அவன் பிள்ளைகளைத் தூக்குகிற லட்சணத்துக்கு நான் திட்டியது அப்படியே இருக்கட்டும். மையத்தில் அந்த அட்டையைப் பார்த்து, மற்ற பிள்ளைகளுக்கும் இதே மாதிரி அடிக்கலாம், காளையை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்கள். எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது.

நாத்தனார் எங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை, எனக்கும் வேறு ஆள் இல்லை. வசம்பை நான் குப்பையில் எறிந்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். வாய் ஆறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முதல் நாள் மகள் வாய் திறந்து ரசம் சாதம் வாங்கியபோது, ஆசை தாங்காமல் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் ஒரு வாய் ஊட்டுறேனே ஆத்தா” என்று என்னிடம்தான் கேட்டார். அவளிடம் கேளுங்கள் என்று கிண்ணத்தைக் கொடுத்தேன். அவர் ஸ்பூனை எடுக்கும் முன்பே என் மகளின் கை நகர ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை காளை வரைக்கும் போகவில்லை, வேண்டாமிலேயே நின்றுவிட்டது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார், கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.